‘வைட் அவ் த மார்க்’: எங்கே சொல்லலாம், எங்கே சறுக்கும்

‘வைட் அவ் த மார்க்’ (wide of the mark) என்ற ஆங்கிலத் தொடரில் மார்க் என்றதும் பரீட்சைத் தாள்தான் ஞாபகம் வரும். இது அந்த மார்க் இல்லை. வில்லாளி பார்க்கிற குறி. ‘வைட்’ என்பதும் இங்கே அகலம் அல்ல, பக்கவாட்டில் விலகி என்று பொருள். கிரிக்கெட்டில் நடுவர் இரு கையையும் விரித்துக் காட்டுகிறாரே, அந்த வைட்தான். அம்பு குறியைத் தொடாமல் எங்கேயோ போனதுபோல, ஒரு கணிப்போ மதிப்பீடோ குற்றச்சாட்டோ உண்மைக்கு வெகுதூரம் தள்ளிப் போனால் இந்தத் தொடர்.

தப்பிப்போனது எதுவோ அதை முதலில் வையுங்கள், அடுத்து ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’, பிறகு தொடர். வீட்டுக்கு 20 லட்சம் ஆகும் என்றார் பொறியாளர், முடிக்கும்போது 35 லட்சம்: ‘ஹிஸ் எஸ்டிமேட் வாஸ் வைட் அவ் த மார்க்.’ 21 லட்சத்தில் முடிந்திருந்தால் இது பொருந்தாது. அப்போது ‘நாட் ஃபார் ஆஃப் த மார்க்’, அதாவது ஏறக்குறைய சரி.

அதிகம் பேர் சறுக்குவது எழுத்தில். ‘வைட்’டுக்குப் பின் வருவதில் ஒரே ஒரு எஃப், பேச்சில் ‘அவ்’ என்று கேட்கும். ‘வே ஆஃப் த மார்க்’ என்ற பேச்சுவழக்குத் தொடரில் இரண்டு எஃப். இரண்டையும் குழப்பி ‘வைட் ஆஃப்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஃப்ரம்’ போடுவதும், நடுவில் ‘த’வை விழுங்குவதும் பிழையே. அழுத்தம் வேண்டுமா? ‘வெல் வைட்’.

‘ஆஃப் த மார்க்’கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பேட்ஸ்மேன் முதல் ரன் எடுத்ததும் வர்ணனையாளர் ‘ஹி இஸ் ஆஃப் த மார்க்’ என்பார். கணக்கைத் தொடங்கிவிட்டார் என்று அர்த்தம், தவறியதாக இல்லை. ‘க்விக் ஆஃப் த மார்க்’கும் சட்டெனக் கிளம்புவதுதான், அங்கே மார்க் ஓட்டப்பந்தயக் கோடு.

தெரிந்தே சொன்ன பொய்க்கு இது ஒத்துவராது. எழுத்துப் பிழைக்கும், கூட்டல் பிழைக்கும் ‘ராங்’ போதும். பொய் என்று முகத்தில் அடிக்காமல் மறுப்பதற்குத்தான் இது கச்சிதம். இங்கிலாந்துக் கால்பந்துச் செய்திகளில், வீரர் கிளப் மாறுகிறார் என்ற வதந்தியை மறுக்க இதையே சொல்வார்கள். மேலதிகாரியிடம் என்றால் முன்னால் ‘எ லிட்டில்’ சேர்த்துக்கொள்வது உத்தமம்.

தமிழாக்கும்போது ‘குறிக்கு அகலமாக’ என்றெல்லாம் இழுக்க வேண்டாம். ‘கணிப்பு பொய்த்துவிட்டது’, ‘கணக்கு எங்கேயோ போய்விட்டது’, செய்தியை மறுப்பதானால் ‘அதில் உண்மை இல்லை’.