புக்கெட்டில் கடைசி இரவு எங்கே தங்கலாம்?

தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரையில்தான் அறை எடுக்கிறார்கள். எடுங்கள், தப்பில்லை. ஆனால் திரும்பும் விமானம் விடியற்காலையில் என்றால் கடைசி இரவை மட்டும் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலையம் தீவின் வடக்கு முனையில் இருக்கிறது. பாத்தோங்கிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல். மலைப்பாதை, நெரிசல் எல்லாம் சேர்ந்தால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும்.

அதற்குப் பதிலாக நய் யாங் கடற்கரைக்கு மாறிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து காரில் பத்து நிமிடம்கூட ஆகாது. கரையோரம் நெடுக சவுக்கு மரங்கள், நிழலில் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். பாத்தோங்கின் கூச்சல் கிடையாது. எனக்கு அதுவே பெரிய நிம்மதி. ஓடுபாதையின் மேற்கு முனை கடலை ஒட்டியே முடிவதால், வடக்குப் பக்கமாக மணலில் நடந்தால் விமானம் தலைக்கு மேல் தாழ்வாக இறங்குவதைப் பார்க்கலாம். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரவே மாட்டார்கள். தடுப்புப் பலகையை மட்டும் தாண்ட வேண்டாம், சட்டம் கடுமை.

அப்புறம், உள்நாட்டு முனையமும் பன்னாட்டு முனையமும் தனித்தனிக் கட்டடங்கள். பாங்காக் வழியாகத் திரும்புகிறவர்கள் டிக்கெட்டைப் பார்த்து, எங்கே இறங்க வேண்டும் என்று டாக்சிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிளம்பும் முன் செருப்பிலிருக்கும் மணலையும் உதறிவிடுங்கள்!