டிம்மர் கெடாமல் இருக்க: நியூட்ரலிலிருந்து 7805 வரை

மேடையில் விளக்கு நடுங்கினால் எல்லோரும் முதலில் டிஎம்எக்ஸ் கேபிளை, அதாவது விளக்குப் பலகையின் கட்டளையை டிம்மருக்குக் கொண்டுவரும் கம்பியைத்தான் பிடித்து ஆட்டுவார்கள். நான் நேரே விளக்கின் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் டிம்மருக்குப் பின்னால் போவேன். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கத்து மண்டபங்களிலிருந்து என் மேசைக்கு வரும் டிம்மர்களில் பெரும்பாலும் கோளாறு மின்சாரம் உள்ளே நுழையும் பாதையில்தான் இருக்கிறது. அந்தப் பாதையை வரிசையாகப் பாருங்கள்.

முதலில் நியூட்ரல். மூன்று ஃபேஸிலும் லோடைச் சமமாகப் பிரித்தால் நியூட்ரலில் கரண்ட் இருக்காது என்பார்கள். ஹீட்டருக்கு அது சரி. டிம்மரோ ஒவ்வொரு அரைச் சுற்றிலும் அலையின் முன்பகுதியை வெட்டிவிட்டு மீதியை மட்டும் விளக்குக்கு விடுகிறது. அப்படி வெட்டும்போது பிறக்கும் 150 ஹெர்ட்ஸ் ஹார்மானிக் (நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் போல மூன்று மடங்கு வேகமான அலை) மூன்று ஃபேஸிலும் ஒரே சமயத்தில் எழும். ஒன்றையொன்று அழிக்காமல் நியூட்ரலில் சேர்ந்துவிடும். எல்லா விளக்கும் பாதி வெளிச்சத்தில் இருக்கும்போது நியூட்ரல் கரண்ட் ஃபேஸ் கரண்டையே தாண்டும். அதனால் நியூட்ரல் கம்பி ஃபேஸ் கம்பியைவிட ஒரு அளவு பெரியதாகவே இருக்கட்டும். அதன் திருகு கழன்றால், லோடு குறைந்த ஃபேஸில் உள்ள விளக்குகளுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கி ஏறும். டிபி போர்டு (மின்சாரம் பிரிந்து போகும் பலகை) வேலையை மட்டும் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

நம் ஊர் மூன்று உருண்டைக் கால் பிளக்கில் ஓர் ஆபத்து உண்டு. பிரிட்டிஷ் நாடக அரங்குகளில் அதே வடிவம் மேடை விளக்குக்கு மட்டும் என்று ஆகிவிட்டது. இங்கே கெட்டிலுக்கும் அதுதான், ஃபேனுக்கும் அதுதான். டிம்மர் சாக்கெட்டில் யாராவது ஸ்மோக் மெஷினைச் சொருகினால் அதன் பம்பும் போகும், டிம்மருக்குள் கரண்டை வெட்டி விடும் ட்ரயாக் என்ற ஸ்விட்சும் போகலாம். ஒவ்வொரு சாக்கெட்டிலும் சிவப்பு டேப் ஒட்டி ‘விளக்கு மட்டும்’ என்று எழுதுங்கள்.

அப்புறம் ஃபியூஸ். பிரேக்கர் காப்பாற்றுவது கம்பியை; ட்ரயாக்கை அல்ல. 1000 வாட் பார் 64 விளக்கு 4.3 ஆம்பியர்தான் இழுக்கும், ஆனால் இழை அறுகிற நொடியில் உள்ளே ஆர்க் பிடித்தால் கரண்ட் பல மடங்கு பாயும். பிரேக்கர் விழுவதற்குள் ட்ரயாக் செத்துவிடும். அதுவும் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அந்தச் சேனல் அணையவே அணையாது. சேனலுக்கு இரண்டு விளக்கு என்றால் 10 ஆம்பியர் ஃபாஸ்ட் ஃபியூஸ் ஒன்று போடுங்கள். அதன் ஐ-ஸ்கொயர்-டி எண் (எவ்வளவு கரண்ட், எவ்வளவு நேரம் என்ற அளவு) ட்ரயாக்கின் எண்ணைவிடக் குறைவா என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள். நான் பிடிஏ41 என்ற ட்ரயாக்கைப் போடுகிறேன். அதன் முதுகு இன்சுலேட் ஆனது, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் மின்சாரம் ஏறாது. ட்ரயாக்கைத் திறக்கும் கால்தான் கேட்; அதற்கு எம்ஓசி3021 என்ற சிப் போடுங்கள். எம்ஓசி3041 அலை பூஜ்யத்தைத் தொடும்போது மட்டுமே திறக்கும், அதை வைத்து டிம் செய்ய முடியாது.

விளக்கு நடுக்கத்துக்கு நான் அதிகம் பார்த்த காரணம் கன்ட்ரோல் போர்டின் சின்ன பவர் சப்ளை. 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், ஒரு டயோட், கண்டென்சர், 5 வோல்ட்டை நிலையாகத் தரும் 7805. அலை பூஜ்யத்தைத் தாண்டும் நொடியைச் சொல்லும் ஜீரோ கிராசிங்கை அந்த டயோடுக்கு முன்னாலிருந்து எடுக்க வேண்டும். பின்னால் எடுத்தால் கண்டென்சர் அலையைத் தட்டையாக்கிவிடும். லைன் 184 வோல்ட்டுக்கு இறங்கினால் கண்டென்சரில் உச்சமே 8 வோல்ட்தான். 1000 மைக்ரோஃபாரட் வைத்து 200 மில்லிஆம்பியர் இழுத்தால் அதில் 2 வோல்ட் ஏறி இறங்கும். 7805க்கு உள்ளே 7 வோல்ட்டாவது வேண்டும். கிடைக்காவிட்டால் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகும், விளக்கு துடிக்கும். 2200 மைக்ரோஃபாரட் போடுங்கள், தாங்கும். ஜெனரேட்டரின் வேகம் ஏறி இறங்கும்; அதில் ஓட்டுவதாக இருந்தால், அரைச் சுற்று 10 மில்லிசெகண்ட் என்று புரோகிராமில் எழுதிவைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அளந்து கணக்கிடச் சொல்லுங்கள்.

திடீர் வோல்ட் ஏற்றத்தை உறிஞ்சும் 275 வோல்ட் வேரிஸ்டர் ஃபியூஸுக்குப் பின்னால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே. ஹீட்சிங்க்கில் 85 டிகிரி தெர்மல் ஸ்விட்ச். டர்பன் கடற்காற்றில் போர்டு பச்சை பூக்கும், அதனால் கோட்டிங் அடித்துவிடுங்கள்.

லோட் ஷெடிங்கில் கரண்ட் போனால் டிம்மரின் மெயின் ஸ்விட்சை உடனே அணையுங்கள். கரண்ட் திரும்பும் நொடியில்தான் ஸ்பைக் வரும். குளிர்ந்த இழை வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் இழுப்பதும் அப்போதுதான். சில நிமிடம் பொறுத்து, ஃபேடர் எல்லாம் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பிறகு ஒவ்வொரு சேனலாக மெதுவாக ஏற்றுங்கள்.