குழந்தைகள் இல்லங்களில் பல் பராமரிப்பு: இரவுத் துலக்கலிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

குழந்தைகள் இல்லத்தில் பிள்ளைகளின் பற்களைக் காப்பதற்கு அறிவுரையைவிட ஏற்பாடுதான் முக்கியம். காலையிலும் இரவிலும் பல் துலக்க வேண்டும் என்று தெரியாத பிள்ளை அரிது. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு ஆறு குழாய்கள், பள்ளிக்குக் கிளம்பும் அவசரம், யாருடையது என்று தெரியாமல் ஒரே குவளையில் கிடக்கும் பிரஷ்கள் என்று இருக்கும் இடத்தில், தெரிந்தது நடைமுறைக்கு வருவதில்லை. இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் கீழ் தமிழ்நாட்டில் இயங்கும் இல்லங்களின் கண்காணிப்பாளர்களையும் இல்லத்தாய்மார்களையும் மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

முதலில் சீர்செய்ய வேண்டியது இரவுத் துலக்கல். உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைந்துவிடுவதால், பற்களில் ஒட்டியிருக்கும் மாவும் சர்க்கரையும் கிருமிகளால் அமிலமாக மாறிப் பல்லை அரிப்பதற்கு இரவு முழுவதும் தடையில்லாமல் நேரம் கிடைக்கிறது. பல இல்லங்களில் எட்டு மணிக்குப் பல் துலக்கச் சொல்லிவிட்டு, ஒன்பது மணிக்குச் சர்க்கரை போட்ட பால் கொடுக்கிறார்கள். அந்த வரிசையை மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும். பால், மாத்திரை, இனிப்பான மருந்துச் சாறு எல்லாம் முடிந்த பிறகே பல் துலக்க வேண்டும். அதன் பின் உறங்கும் வரை தண்ணீரைத் தவிர வேறெதுவும் கூடாது.

பல் துலக்கக் குழாயடிக்குப் போக வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொண்டால் நெரிசல் என்ற பிரச்சினை மறைந்துவிடும். பிள்ளைகளை வராந்தாவில் இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார வைத்து, ஈரமில்லாத பிரஷில் பற்பசை கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் துலக்கச் சொல்லலாம். முடிந்ததும் வரிசையாகச் சென்று துப்பிவிட்டு வந்தால் போதும். துப்பிய பின் குவளை குவளையாக வாய் கொப்பளிக்கும் பழக்கத்தை விடச் சொல்வது கொஞ்சம் கடினம். ஆனால் பற்பசையில் உள்ள, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு பல்லின் மீது தங்கியிருந்தால்தான் பயன் என்பதால், நுரையைத் துப்புவதோடு நிறுத்திக்கொள்வதே சரி. ஸ்காட்லாந்தின் சைல்ட்ஸ்மைல் திட்டத்தில் மழலையர் பள்ளிகளிலேயே பெரியவர்களின் மேற்பார்வையில் பிள்ளைகள் நாள்தோறும் ஒன்றாகப் பல் துலக்குகிறார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கும் இல்லத்துக்கு இந்த முறை இயல்பாகவே பொருந்தும்.

ஏழு எட்டு வயது வரை ஒரு பிள்ளையால் தன் பற்களைத் தானே முழுமையாகத் துலக்கிக்கொள்ள முடியாது. அதற்கு வேண்டிய கைத்திறன் அந்த வயதில் வந்திருப்பதில்லை. ஆகவே சிறியவர்கள் முதலில் தாங்களாகத் துலக்கட்டும், பிறகு இல்லத்தாய் ஒருமுறை துலக்கிவிடட்டும். ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் பிரஷைச் சற்றுச் சாய்த்து வைத்து, அழுத்தாமல் சிறு வட்டங்களாக நகர்த்த வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போகும் இடங்கள் கீழ்ப்பற்களின் உட்புறமும் கடைசிப் பல்லின் பின்புறமும்தான். பெரிய பிள்ளைகளை ஒவ்வொரு நாளும் சோதிக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒருநாள் வெளிச்சத்தில் பார்த்தால் போதும்.

பிரஷ் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது. ஈறில் கசியும் இரத்தத்தின் வழியே நோய் பரவ இடமுண்டு. மார்க்கரால் எழுதிய பெயர் சில நாட்களில் அழிந்துவிடும். நகப்பூச்சால் கைப்பிடியில் எண்ணோ புள்ளியோ இட்டால் நெடுநாள் நிற்கும். எழுத்துத் தெரியாத குழந்தைக்கு அதுவே தேர்ந்தெடுத்த வண்ணத்தைக் கொடுக்கலாம். பிரஷ்களை ஒன்றோடொன்று தொடாதபடி நிமிர்த்தி வைக்க, துளையிட்ட மரப்பலகை ஒன்று போதும். மூடியிட்டு ஈரத்தோடு அடைத்து வைப்பதைவிடக் காற்றில் உலரவிடுவது நல்லது. அந்தப் பலகை கழிப்பறைக்குள் இருக்கக் கூடாது. நார்கள் விரிந்தாலும், மூன்று மாதம் ஆனாலும் பிரஷை மாற்ற வேண்டும். ஒரே பற்பசைக் குழாயின் வாயை எல்லாருடைய பிரஷிலும் தேய்க்காமல், ஓர் எவர்சில்வர் தட்டின் விளிம்பில் தனித்தனிப் பொட்டுகளாகப் பிதுக்கி வைத்து, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளச் செய்யலாம்.

பற்பசை வாங்கும்போது விளம்பரத்தைப் பார்க்காமல் உறையில் அச்சிட்டிருக்கும் ஃப்ளோரைடு அளவைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) என்பது உச்ச வரம்பு; அதையொட்டிய அளவுள்ள சாதாரணப் பற்பசையே போதுமானது. சிறுவர்களுக்கென்று பழச்சுவையோடு விற்கப்படும் சிலவற்றில் ஃப்ளோரைடு இருப்பதே இல்லை. மூன்று வயதுக்குக் கீழே அரிசியளவு, மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவு பற்பசை போதும். அடுப்புக்கரி, செங்கல் பொடி, சாம்பல் ஆகியவை பல்லின் மேலுறையான எனாமலைத் தேய்த்துவிடுபவை. வேப்பங்குச்சியில் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் அதில் ஃப்ளோரைடு கிடையாது, சின்னக் கைகளுக்கு அது வசப்படுவதும் இல்லை. ஆனால் ஃப்ளோரைடு அளவுக்கு மிஞ்சினால் பல்லுக்கே கேடு. ஆகவே தருமபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த மாவட்டங்களில், ஆழ்துளைக் கிணற்று நீரைச் சமைக்கவோ குடிக்கவோ பயன்படுத்தும் இல்லங்கள் அதைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீரே இல்லாத நிலையிலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. அளவு மிகுந்திருந்தால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் போன்ற வேறு நீருக்கு மாறுவதே தீர்வு.

இல்லங்களில் அதிகம் கோட்டை விடப்படுவது ஆறு வயதுக் கடைவாய்ப்பல்தான். இது எந்தப் பால்பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில், ஓசையில்லாமல் முளைப்பதால், எப்படியும் விழப்போகும் பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிலைப்பல். முளைக்கும்போது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருப்பதால் பிரஷ் அதன் மேல் படாமலேயே போய்விடும். மேற்பரப்பின் ஆழமான பள்ளங்களில் பிஸ்கட் மாவு அப்பிக்கொள்ளும். ஐந்தரை வயதிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் இந்தப் பல்லைத் தேடிப் பார்த்து, வந்துவிட்டால் பிரஷைக் கன்னத்தின் பக்கமாக உள்ளே விட்டுக் குறுக்கே துலக்க வேண்டும். பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் பூச்சு போட முடியுமா என்று பல் மருத்துவரிடம் கேட்பதும் அப்போதுதான்.

உணவைப் பொறுத்தவரை, எவ்வளவு இனிப்பு என்பதைப் போலவே எத்தனை முறை என்பதும் முக்கியம். பிறந்தநாளுக்கும் திதிக்கும் கேக், ஜாங்கிரி, சாக்லேட் என்று கொண்டுவரும் நன்கொடையாளர்களின் அன்பைத் தட்டிக்கழிக்க முடியாதுதான். வாங்கிய இனிப்பைப் பிற்பகல் முழுவதும் கைகளில் விட்டுவிடாமல், மதியச் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே தடவையில் பரிமாறிவிட்டால் கேடு குறையும். நாற்பது பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நூற்றறுபது பிரஷ்கள் வேண்டும் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், கேக்குக்குப் பதிலாக அதைத் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

புதிதாக வரும் பிள்ளைக்கு 24 மணி நேரத்துக்குள் செய்ய வேண்டிய மருத்துவப் பரிசோதனையிலேயே வாயையும் பார்த்துப் பதிவு செய்துவிட வேண்டும். ஈறோரத்தில் சுண்ணாம்புக் கோடு போன்ற வெண்மை தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். ஒழுங்கான துலக்கலும் ஃப்ளோரைடும் கிடைத்தால் மீளக்கூடியது. பல பிள்ளைகள் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லிப் பயனில்லை என்பதை அவர்கள் வாழ்க்கை கற்றுக்கொடுத்திருக்கும். ஒரே பக்கமாக மெல்லுவது, முறுக்கை ஒதுக்குவது, இரவில் எழுந்து உட்காருவது ஆகியவற்றைக் கவனித்து நாமாகவே கேட்க வேண்டும். கொடுமைக்கு ஆளான பிள்ளை தன் வாயை மற்றவர் தொடுவதற்கே அஞ்சலாம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பின்னாலிருந்து பிடிக்காமல், எதிரே அமர்ந்து, கையில் கண்ணாடியைக் கொடுத்து, அதுவே துலக்க விட்டு, அனுமதி கேட்டு உதவ வேண்டும். வாய் நாறுகிறது என்று பிறர் முன்னால் சொல்வதும், துலக்காததற்குச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுவதும் கூடவே கூடாது.

பல் மருத்துவ முகாம்கள் குறித்து வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வந்து, பார்த்து, பிரஷ் கொடுத்து, படம் எடுத்துச் செல்வதோடு முடியும் முகாமால் சொத்தை நிற்பதில்லை. இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், அந்தப் படங்களுக்கும் இடமில்லை. எந்தப் பிள்ளைக்கு எந்தப் பல்லில் என்ன சிகிச்சை, எந்தத் தேதியில் என்று எழுத்தில் தருவோரையே அழைக்க வேண்டும். பல் மருத்துவக் கல்லூரிகளின் பொதுச் சுகாதாரத் துறையோடு நேரடியாகப் பேசி ஆண்டுக்கு இருமுறை வருகைக்கு ஒப்புக்கொள்ளச் செய்யலாம். அரசுப் பள்ளிகளுக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. (தேசிய சிறார் நலத் திட்டம்) குழுவின் பரிசோதனைப் பட்டியலில் பற்சொத்தையும் உண்டு. துளையிடும் கருவிக்கு அஞ்சும் சிறு பிள்ளைகளுக்கு, சொத்தையை அங்கேயே நிறுத்தும் சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற திரவத்தைப் பூசலாம். 2021-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. பூசிய இடம் கருத்துவிடும் என்பதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பிரஷ் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிப் பருமனாக்கினால் பிடிப்பு கிடைக்கும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் சாப்பிடும் பிள்ளைக்கு ஈறு தடித்து வளரக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை. மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. வளரிளம் பருவத்தினரிடம், உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலத்தைப் பற்றித் தண்டனை பயம் இல்லாமல் பேச வேண்டும்.

விளையாட்டில் நிலைப்பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, அழுக்கிருந்தால் லேசாக அலசி, உடனே அதன் குழியில் திரும்பப் பொருத்த வேண்டும். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். பால்பல்லைத் திரும்பப் பொருத்தக் கூடாது.

பிள்ளை ஒன்று வீட்டுக்கோ வேறு இல்லத்துக்கோ குழந்தைகள் நலக் குழுவின் ஆணையால் அனுப்பப்படும்போது, பாதியில் நிற்கும் பல் சிகிச்சை பெரும்பாலும் அங்கேயே அறுந்துபோகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதப்படும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் பல் பற்றிய ஒரு பக்கத்தைச் சேர்த்து, நிலுவையிலுள்ள சிகிச்சையையும் அடுத்த தேதியையும் குறித்து, அதன் நகலைப் புதிய பிரஷ், பற்பசையோடு பையில் வைத்து அழைத்துச் செல்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.