டெர்மினல் சர்வரில் இணையத்தைக் கட்டுப்படுத்தப் போகிறீர்களா?

டெர்மினல் சர்வர் (ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்) என்றால் பலர் ஒரே நேரத்தில் நெட்வொர்க் வழியாக நுழைந்து வேலை செய்யும் ஒரே கணினி. சென்ற வாரம் வேலைக்குப் புதிதாக வந்த பையன் ஒருவன், அப்படி ஒரு சர்வரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (தளப்பெயருக்கு முகவரி சொல்லும் கோப்பு) யூடியூபை 127.0.0.1-க்கு, அதாவது அதே கணினிக்கே, திருப்பிவிட்டு "முடிச்சிட்டேன் சார்" என்றான். மார்க்கெட்டிங் ஆட்களும் அதே சர்வரில்தான் இருக்கிறார்கள் என்பது போன் வந்தபிறகுதான் அவனுக்கு உறைத்தது. திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் செய்தது அதைவிட மோசம். இந்த வேலையில் செய்யக்கூடாத தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஐபியை வைத்து ஆளை அடையாளம் காண்பது

ஆளுக்கொரு கணினி உள்ள அலுவலகத்தில் ஒரு ஐபி (நெட்வொர்க்கில் கணினியின் முகவரி) என்றால் ஒரு ஆள். ஃபயர்வாலுடன் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் காவல்) வரும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள், எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலரின் லாகைப் படித்து 'இந்த ஐபியில் இருப்பது இன்னார்' என்று சொல்லிவிடும். டெர்மினல் சர்வரிலோ இருபது பேர் உட்கார்ந்திருந்தாலும் வெளியே தெரிவது ஒரே ஐபி. கடைசியாக லாகின் செய்தவர் யாரோ, மொத்தமும் அவர் கணக்கில் விழும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனம். டாலிக்காக ஒரு சர்வர், 22 பேர். மாதா மாதம் முதலாளிக்கு ரிப்போர்ட் மெயிலில் போகும்படி பெருமையாகச் செய்து வைத்திருந்தேன். கணக்குப் பிரிவில் ஒரு அக்கா, டீ குடிக்கப் போனாலும் லாக்ஆஃப் செய்துவிட்டுத்தான் போவார். திரும்பி வந்து நுழையும் ஒவ்வொரு முறையும் சர்வரே அவர் பெயருக்கு மாறிவிடும். அவர் வெளியேறியதை என் ஏஜென்ட் கண்டுகொள்ளாது. கிரிக்கெட் வீடியோ பார்த்தவர்களில் முதலிடம் அவருக்கு!

முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "தம்பி, எனக்குக் கிரிக்கெட்டே புடிக்காதுங்க" என்று அக்கா என்னிடம் சொன்னபோதும் நான் ரிப்போர்ட்டைத்தான் நம்பினேன். இரண்டு நாள் லாகைக் கிளறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அந்த வருட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இதன் மறுபக்கமும் ஆபத்துதான். எல்லாத் தளங்களும் திறந்திருக்கும் மேனேஜர் உள்ளே நுழைந்தால், சர்வரில் இருக்கும் அத்தனை பேருக்கும் கதவு திறந்துவிடும்.

சரி, என்ன செய்வது? முதலில் அந்தச் சர்வரின் ஐபியை ஏஜென்டின் விலக்குப் பட்டியலில் போடுங்கள். அப்புறம் இரண்டு வழி. சில ஃபயர்வால் நிறுவனங்கள் டெர்மினல் சர்வருக்கென்றே ஏஜென்ட் தருகின்றன. அது ஒவ்வொரு பயனருக்கும் தனிப் போர்ட் (ஒவ்வொரு இணைப்புக்குமான எண்) வரிசை ஒதுக்கும். ஃபயர்வால் போர்ட்டைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும். பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துச் சோதிக்காதீர்கள், பிங்குக்குப் போர்ட்டே கிடையாது. நாற்பது டேப் திறந்து வைப்பவருக்குப் போர்ட் தீர்ந்து பக்கங்கள் தொங்கவும் செய்யும்.

இன்னொன்று, ஆளைக் கேட்டு உள்ளே விடும் ப்ராக்ஸி, அதாவது பிரவுசருக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடைத்தரகர். ஸ்க்விட் என்ற இலவச ப்ராக்ஸி மென்பொருள் போதும். கெர்பரோஸ் (விண்டோஸ் லாகினையே அடையாளமாகக் காட்டும் முறை) வைத்தால் யாரும் பாஸ்வேர்ட் அடிக்கவேண்டியதில்லை. ஆனால் பிரவுசரில் ப்ராக்ஸியைப் பெயரால் கொடுங்கள். ஐபியால் கொடுத்தால் கெர்பரோஸ் ஓடாது. சர்வரிலிருந்து நேராக வெளியே போகும் 80, 443 (இணையத் தளங்களுக்கான போர்ட்கள்) இரண்டையும் ஃபயர்வாலில் மூடுங்கள், யூடிபி 443 (சில தளங்கள் இந்த வழியிலும் வரும்) உட்பட. இல்லாவிட்டால் ப்ராக்ஸியை எடுத்துவிட்டவன் ராஜா.

ட்ரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸியில் பாஸ்வேர்ட் கேட்பது

ட்ரான்ஸ்பரன்ட் என்றால் பிரவுசரில் எதுவும் அமைக்காமல் போக்குவரத்தை இடையில் பிடிப்பது. அதில் இது நடக்காது. நடுவில் ப்ராக்ஸி இருப்பதே பிரவுசருக்குத் தெரியாது.

டிஎன்எஸ் வடிகட்டியை மட்டும் நம்புவது

டிஎன்எஸ் என்பது தளப்பெயரை ஐபியாக மாற்றும் சேவை. கேள்வி எல்லாம் ஒரே ஐபியிலிருந்து போவதால் சர்வருக்கு ஒரே பாலிசிதான் (விதித் தொகுப்பு) கிடைக்கும். வைரஸ் தளங்களைத் தடுக்க வைத்துக்கொள்ளுங்கள், ஆளைப் பிரிக்க அல்ல.

லூப்பேக்கை மறப்பது

ப்ராக்ஸி அமைப்பு பயனருக்கானது. அதைச் சர்வர் இருக்கும் ஓயூவில் (டொமைனில் கணினிகளையும் பயனர்களையும் பிரித்து வைக்கும் பிரிவு) குரூப் பாலிசியாக (அமைப்புகளை மொத்தமாக ஏற்றும் விதி) போட்டுவிட்டு, லூப்பேக்கை (அந்த ஓயூவின் பயனர் அமைப்புகளைச் சர்வரில் நுழைபவர்களுக்குப் பொருத்தும் வசதி) இயக்காமல் 'ஏன் வரவில்லை' என்று ஒரு மத்தியானம் முழுக்க நான் விழித்திருக்கிறேன்.

சர்வரின் சொந்தத் தேவையை மறப்பது

பயனரின் ப்ராக்ஸி அமைப்பு, சிஸ்டம் கணக்கில் பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்குப் பொருந்தாது. அவற்றில் பலவற்றுக்கு வின்எச்டிடிபி (விண்டோஸ் சர்வீஸ்கள் இணையத்துக்குப் போகும் வழி) ப்ராக்ஸியைத் தனியாக அமைக்கவேண்டும். 443-ஐ மூடிய உற்சாகத்தில் ஒருவர் இதை மறந்துவிட, ஆன்டிவைரஸ் மூன்று வாரம் அப்டேட் ஆகாமலே கிடந்தது. அந்த ஒருவர் யார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.