வங்கிப் பணியாளர் பயிற்சி: எங்கெங்கே கோட்டை விடுகிறோம்?

மார்ச் மாதம் வந்தால் பெரிய வங்கிகளின் கிளைகளில் ஆண்டுக் கணக்கோடு பயிற்சிக் கணக்கையும் முடிக்க வேண்டும். கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு), பணமோசடித் தடுப்பு, சைபர் பாதுகாப்பு என்று கட்டாய ஆன்லைன் பாடங்கள் வரிசையில் நிற்கும். "உங்கள் கிளையில் இன்னும் நான்கு பேர் பாக்கி" என்று மண்டல அலுவலகத்திலிருந்து மெயில் வரும். அப்புறம் நடப்பது வங்கியில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் கைவேகம் உள்ள இளைஞர் ஒருவர் மேலாளரின் ஐடியிலும் பக்கத்து சீட்டுக்காரரின் ஐடியிலும் நுழைந்து, ஸ்லைடுகளைத் தள்ளிவிட்டு, கடைசிக் கேள்விகளுக்கு விடை போட்டு சான்றிதழை இறக்கிவிடுவார்.

இதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. நினைக்க வேண்டும். பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே என்கிற பாடத்தை அடுத்தவரின் பாஸ்வேர்டில் முடிக்கிறோம். ஐடியைக் கொடுப்பது சகஜம் என்ற பழக்கம் அங்கேதான் வேர் விடுகிறது. நாளைக்கு அதே ஐடியில் ஒரு தவறான வவுச்சர் பாஸ் ஆனால், விசாரணையில் பதில் சொல்ல வேண்டியவர் ஐடிக்கு உரியவர். எத்தனை பேர் முடித்தார்கள் என்று மட்டும் எண்ணும் நிர்வாகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பத்துப் பாடங்களை ஒரே மாதத்தில் திணிக்காமல் மாதம் ஒன்றாகப் பிரித்து, வேலை நேரத்தில் அரை மணி நேரம் ஒதுக்கிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்த தவறு, யாரை அனுப்புவது என்பதில் நடக்கிறது. பயிற்சி மையத்திலிருந்து ஒரு வாரப் பயிற்சிக்குப் பெயர் கேட்டால், கிளையில் யார் இல்லாவிட்டாலும் வேலை ஓடுமோ அவர் பெயர்தான் போகும். கடன் பிரிவில் திணறிக்கொண்டிருக்கும் அதிகாரியை "அவர் போனா யார் பார்க்கிறது?" என்று நிறுத்திவைப்பார்கள். அப்படியே அவர் போய்ப் படித்து வந்தாலும், அடுத்த மாற்றல் பட்டியலில் வேறு துறைக்குப் போய்விடுவார். கருவூலம், இடர் மேலாண்மை, கணக்கியல், கடன் மேலாண்மை ஆகிய பொறுப்புகளில் சான்றிதழ் பெற்றவர்களை அமர்த்தச் சொல்லி ரிசர்வ் வங்கி 2016-லேயே அறிவுறுத்தியது. படித்தவரை படித்த இடத்தில் உட்கார வைத்தால்தான் அந்த அறிவுறுத்தலுக்கு அர்த்தம்.

ஒரு சீட்டின் வேலை ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்திருப்பதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்தானது. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அயல்நாடுகளில் உள்ள வங்கிக் கிளைகளுக்கு அனுப்பும் உத்தரவாதக் கடிதங்களைக் கவனித்த அதிகாரி, வழக்கமான சுழற்சிக்கு உட்படாமல் பல ஆண்டுகள் அதே சீட்டில் இருந்தார். வங்கிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பு வங்கியின் மையக் கணினி அமைப்போடு இணைக்கப்படாமல் இருந்ததால் கடிதங்கள் கணக்கிலேயே ஏறவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு, 2018 ஜனவரியில், அவரிடம் கடிதம் வாங்கிவந்த நிறுவனங்கள் புதுக் கடிதம் கேட்டு வந்தன. அங்கிருந்த அதிகாரிகள் 100 சதவீத மார்ஜின் தொகை, அதாவது முன்கூட்டியே கட்டும் ஈட்டுப் பணம், கேட்டார்கள். "இதுவரைக்கும் நாங்கள் கட்டியதே இல்லையே" என்று பதில் வந்தது. பழைய பதிவைத் தேடினார்கள், பதிவே இல்லை. பிப்ரவரியில் வங்கி வெளியே சொன்ன மோசடித் தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். விதி தெரிந்த இன்னொருவர் அந்த மேசையைப் பார்த்ததும் விஷயம் உடைந்தது.

முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பில்லாமல், தொடர்ந்து குறைந்தது 10 வேலை நாட்கள் கட்டாய விடுப்பு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்வது இதற்காகத்தான். ஆனால் மாற்று ஆளுக்கு அந்த வேலை தெரியாவிட்டால், விடுப்பில் இருப்பவருக்கே போன் போட்டு "இதை எப்படி சார் போடுறது?" என்று கேட்பார்கள். விடுப்பின் நோக்கமே அடிபட்டுப்போகும். ஒவ்வொரு முக்கிய சீட்டுக்கும் இரண்டாவதாக ஒருவரைப் பழக்கி வைப்பது எந்த வகுப்பறைப் பயிற்சியையும் விட அவசரமானது என்பது என் கருத்து.

பணமோசடித் தடுப்பு வகுப்புகளை எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கப் பரிவர்த்தனை என்றால் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் போகும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். கவுன்ட்டரில் வரும் பிரச்சினை வேறு மாதிரி இருக்கும். தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஒரே மாதத்தில் மூன்று முறை நான்கு நான்கு லட்சமாகக் கட்டுகிறார். ஒன்றுக்கொன்று தொடர்புடைய பரிவர்த்தனைகள் மாதத்தில் 10 லட்சத்தைத் தாண்டினாலும் விதி பொருந்தும் என்பது அந்த நேரத்தில் காசாளருக்குத் தோன்ற வேண்டும். பணம் எப்படி வந்தது என்று மரியாதையாகக் கேட்கவும் தெரிய வேண்டும். நல்ல மனசோடு "உங்க மேல ரிப்போர்ட் போக வேண்டியிருக்கும், பார்த்துக்கங்க அண்ணே" என்று சொல்லிவிட்டால் அதுவே விதிமீறல். சந்தேக அறிக்கை பற்றி வாடிக்கையாளருக்குக் கோடி காட்டக்கூடாது. இதை ஸ்லைடில் படித்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துப் பேசிப் பழக விட வேண்டும், தமிழ்நாட்டுக் கிளை என்றால் தமிழிலேயே.

பயிற்சியும் டார்கெட்டும் எதிரெதிர்த் திசையில் இழுத்தால் ஜெயிப்பது டார்கெட்தான். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நெறிமுறைப் பயிற்சி இல்லாமல் இல்லை. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுத் திட்டங்கள் விற்க வேண்டும் என்ற நெருக்கடியும் கூடவே இருந்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 பேர் வேலையிழந்திருந்தார்கள். நம் ஊரில் வைப்புநிதி புதுப்பிக்க வரும் பெரியவரிடம் யூலிப் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த) பாலிசி விற்கப்படும்போதும் இதே இழுபறிதான். ஐந்து ஆண்டுகளுக்குப் பணத்தை எடுக்க முடியாது, பாலிசி கைக்கு வந்து 30 நாட்களுக்குள் வேண்டாமென்றால் திருப்பிவிடலாம் என்ற இரண்டையும் விற்பவர் வாய்விட்டுச் சொல்கிறாரா என்று மேலாளர் கவனிக்காவிட்டால் வகுப்பு எடுத்துப் பயனில்லை.

பணியாளர்கள் தங்கள் பக்கத்தில் செய்யும் தவறுகளும் உண்டு. வங்கிப் பணியாளர்கள் எழுதும் ஜேஏஐஐபி தேர்வை இன்க்ரிமென்ட்டுக்கான சடங்காகப் பார்ப்பது முதலாவது. 2023-இல் பாடத்திட்டம் மாறி நான்கு தாள்களாக ஆன பிறகும், டெலிகிராம் குழுக்களில் சுற்றும் பழைய கேள்விகளை மட்டும் உருப்போட்டு எழுதுகிறவர்கள் நிறைய. 50 மதிப்பெண் வாங்கிவிடலாம், சரி. ஆனால் கணக்கியல் தாளைப் படிக்கும்போதே கிளையில் உள்ள ஒரு சிறுதொழில் கடன் கோப்பை எடுத்து, அதன் ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) வரிவரியாகப் பார்த்தவருக்கு, நடப்புச் சொத்தில் பழைய வாராக்கடன் ஒளிந்திருப்பது கண்ணில் படும். கடன் அதிகாரியாக உட்காரும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்களுக்கு ஒன்று: அதற்குத் தேவையான என்ஐஎஸ்எம் (தேசியப் பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம்) சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காலாவதியாகும் முன்பே தொடர்கல்வி வகுப்பில் உட்கார்ந்து புதுப்பிக்கலாம். தேதியைத் தவற விட்டால் மறுபடி தேர்வுதான். எழுதித் தேறும் வரை விற்கவும் முடியாது. மனிதவளத் துறை நினைவூட்டும் என்று காத்திருக்க வேண்டாம், தேதியை உங்கள் போனிலேயே குறித்து வையுங்கள்.