மைனஸ் 17-ஐ வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது எப்படி

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பவர் பார்ப்பது வேறு, கண்ணைப் பார்ப்பது வேறு. வருடத்துக்கு வருடம் பவர் ஏறுகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் இதைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்குக் கிட்டப்பார்வை, வலது கண் மைனஸ் 17, இடது மைனஸ் 19. நன்னிலம் பக்கம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். மூட்டைக் கணக்கு, ஈரப்பதம், விவசாயி பெயர் என்று நாள் முழுக்க எழுத்தோடுதான் பிழைப்பு. அதனால் இந்த விஷயத்தைக் கொஞ்சம் துருவித் துருவியே கேட்டு வைத்திருக்கிறேன்.

பெரியவர்களின் கண், முன்னிருந்து பின்னாக, சராசரியாக 23, 24 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பின்பக்கமாக நீண்டுவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடினால் ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று பவர் வரை ஏறும். மைனஸ் 6-ஐத் தாண்டினால் அதிகக் கிட்டப்பார்வை என்பார்கள். அநேகமாக அந்தக் கண் 26 மில்லிமீட்டரை நெருங்கியிருக்கும், அல்லது தாண்டியிருக்கும். நீளும்போது உள்ளே காட்சி விழும் திரையான விழித்திரையும் சேர்ந்து இழுபடுகிறது. வீச்சுப் பரோட்டாவுக்கு மாவை வீச வீச மெலிந்து, எங்காவது ஓரத்தில் ஓட்டை விழுமே, அந்தக் கதைதான். கண்ணாடி வெளிச்சத்தைச் சரியான இடத்தில் விழ வைக்கும், அவ்வளவுதான். நீண்ட கண்ணை அது சுருக்காது. கருவிழியை லேசரால் செதுக்குகிற லேசிக்கும் சுருக்காது, கண்ணுக்குள் வைக்கிற ஐசிஎல் லென்ஸும் சுருக்காது. ஆபரேஷன் செய்து கண்ணாடியைத் தூக்கிப் போட்டவரும் பழைய மைனஸ்காரர்தான். விழித்திரைப் பரிசோதனையிலிருந்து அவருக்கு விடுதலை கிடையாது. லேசிக் செய்தவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் அதைச் சொல்லிவிட வேண்டும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

வருடத்துக்கு ஒரு முறை, டாக்டர் சொன்னால் அதைவிடச் சீக்கிரமாகவும், சொட்டு மருந்து போட்டு, கண்ணின் பாப்பாவை விரித்து, விழித்திரையின் ஓரம் வரை பார்க்கச் சொல்லுங்கள். 'பவர் மாறலையே, எதுக்கு?' என்று வீட்டில் கேட்பார்கள். என் இடது கண்ணில் ஓட்டை இருந்தது அப்படிப் போனபோதுதான் தெரிந்தது. வலி இல்லை, பார்வையிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. லேசர் வைத்து ஓட்டையைச் சுற்றி ஒட்டிவிட்டார்கள், அன்றைக்கே வீட்டுக்கு வந்தாயிற்று. அங்கேயே கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமா எங்களை எளிதில் பிடிக்கும். கண்ணின் நீளத்தை அளந்து சீட்டில் எழுதித் தரவும் கேளுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும். எங்கள் பக்கத்தில் தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனைக்கும் திருச்சி ஜோசப் கண் மருத்துவமனைக்கும் போகிறவர்கள் அதிகம். எங்கே போனாலும் பைக்கில் போகாதீர்கள். சொட்டு போட்டால் சில மணி நேரத்துக்கு வெயில் கூசும், எழுத்து மங்கும். பஸ்ஸில் போய், துணைக்கு ஒருவரோடு திரும்புவது நல்லது.

இனி அவசரம். கண்ணுக்குள் நூலும் கொசுவுமாக நாலு மிதப்பது எங்களுக்குப் பழகிப்போனது. திடீரென்று அவை கூட்டமாகப் பெருகினால், கண்ணை மூடினாலும் ஓரத்தில் பளிச் பளிச்சென்று மின்னினால், ஒரு பக்கத்திலிருந்து கறுப்பாகத் திரை இறங்கினால், அன்றைக்கே விழித்திரை டாக்டரிடம் போக வேண்டும். விழித்திரை பிய்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள் இவை. நடுப்பகுதி பிய்வதற்குள் ஆபரேஷன் நடந்தால் பார்வை பெரும்பாலும் தப்பும், பிய்ந்த பிறகு செய்தால் முழுதாகத் திரும்புவது கடினம். என் சித்தப்பா பித்தம் என்று நினைத்து, குறுவை அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். இப்போது அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறது. ஆபரேஷனில் சில சமயம் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். அது கரையும்வரை விமானம் கூடாது, கொடைக்கானல், ஊட்டி என்று மலை ஏறவும் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறிவிடும்.

இன்னொரு ஆபத்து நடுப்பார்வையில் வரும். மெலிந்த விழித்திரைக்குப் பின்னால் புதிதாக ரத்தக் குழாய் முளைத்துக் கசியும். வாரத்தில் ஒரு நாள் பட்டியல் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியோடு, ஒரு கண்ணைக் கையால் மூடி மறு கண்ணால் கோடுகளைப் பார்ப்பேன். அப்புறம் மாற்றிப் பார்ப்பேன். உங்களுக்குக் கணக்கு நோட்டின் கட்டமோ ஜன்னல் கம்பியோ போதும். நேர்கோடு நெளிந்தால், நடுவில் எழுத்து காணாமல் போனால் நாள் கடத்தாதீர்கள். கண்ணுக்குள் ஊசி போடுவார்கள். கேட்கத்தான் பயம், மரத்துப்போகச் சொட்டு போட்டுவிட்டுத்தான் குத்துவார்கள். இரண்டு கண்ணையும் திறந்தே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு கண் கெட்டது பல காலம் தெரியாது.

களத்தில் தூசி விழுந்து கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு ஏதோ ஒரு சொட்டை வாங்கி ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் மைனஸ் கண்ணுக்கு அழுத்தம் ஏறும் வாய்ப்பு கூடுதல். நெல் சுனையோ தாளோ கீறிய கண்ணில் பூஞ்சை பிடித்திருந்தால் அதே சொட்டு அதை வளர்த்துவிடும். சுத்தத் தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அதோடு ஆற்றில், குளத்தில் இறங்கக் கூடாது. ஆடிப்பெருக்கு என்றாலும் மதகு மேலிருந்து தலைகீழாகக் குதிப்பது எங்களுக்கு வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை: பவர் அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் தேவையில்லை. விழித்திரையை ஒரு முறை பார்த்துக்கொண்டால் சரி.

பிள்ளைகள் விஷயத்தில்தான் உண்மையில் ஏதாவது செய்ய முடியும், ஏனென்றால் கண் வளரும் வயது அது. மன்னார்குடியில் எட்டாவது படிக்கும் என் அக்கா மகளுக்கு இரவில் அட்ரோபின் சொட்டு போடுகிறோம். மிகக் குறைந்த அளவு மருந்து, 0.01 சதவீதத்திலிருந்து 0.05 சதவீதம் வரை தருகிறார்கள். ஹாங்காங் ஆய்வில் 0.05-தான் நன்றாக வேலை செய்தது. எது யாருக்கு என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். பவர் ஏறும் வேகம் குறையும், ஏறியது இறங்காது. பவரைக் குறைத்துக் கண்ணாடி போட்டால் ஏறாது என்று அக்காவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். 2002-இல் வெளிவந்த மலேசிய ஆய்வில் அப்படிப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கூடுதலாக ஏறியது. பொன்னாங்கண்ணி சாப்பிடட்டும், உடம்புக்கு நல்லது. மைனஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பகல் வெளிச்சத்துக்குச் சம்பந்தம் உண்டு. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்கச் சொல்கிறார்கள். கிட்டப்பார்வை வராமல் தள்ளிப்போடத்தான் இது அதிகம் உதவும், அதனால் கண்ணாடி போடாத தம்பி தங்கையையும் சேர்த்து வெளியே விரட்டுங்கள். வாசலில் இறங்கினால் வயல். டியூஷன் விட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டால் அந்த வயலால் என்ன பயன்?

கண்ணாடி வாங்கும்போது சோடாபுட்டி என்ற பேச்சுக்குப் பயந்து பெரிய ஸ்டைல் ஃபிரேமுக்குப் போகாதீர்கள், ஓரம் இன்னும் தடிக்கும். சின்னதாக, உருண்டை வாக்கில் எடுத்து, 1.67 அல்லது 1.74 இண்டெக்ஸ் என்கிற மெல்லிய ரக லென்ஸ் போடச் சொல்லுங்கள். இரண்டு பாப்பாவுக்கும் இடையிலான தூரத்தை உங்கள் முகத்தில் அளக்கிறார்களா என்று கவனியுங்கள். எங்கள் பவரில் லென்ஸின் மையம் கொஞ்சம் நகர்ந்தாலும் தலைவலிதான். மூக்கிலிருந்து வழுக்கினாலே பவர் குறைந்த மாதிரி மங்கும், அதனால் மூக்குப் பட்டையைச் சரிசெய்து வாங்குங்கள்.

கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாதவர்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பார்ப்பது பவரை இல்லை. கண்ணாடியோடு நல்ல கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான். மைனஸ் 20 இருந்தாலும் கண்ணாடியோடு 6/9, அதாவது ஏறக்குறைய முழுப் பார்வை, தெரிந்தால் கிடைக்காது. மைனஸ் 10-ல் நடுப்பார்வை கெட்டவருக்குக் கிடைக்கலாம்.

மாற்றுக் கண்ணாடி ஒன்று கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டும். எங்கள் பவர் லென்ஸ் கடையில் கையோடு கிடைக்காது, ஆர்டர் போட்டுத்தான் வரும். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மாதிரி கரண்டும் இல்லாமல் பஸ்ஸும் இல்லாமல் போனால் ஆர்டர் எங்கே போடுவது? பழைய பவராக இருந்தாலும் பரவாயில்லை, கெட்டியான டப்பாவில் போட்டு, இருட்டில் கை நீட்டினால் எட்டும் இடத்தில் வையுங்கள். பவர் சீட்டைப் போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.