வாசல் பலகையில் என் வைஃபை பாஸ்வேர்டு

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். போனைத் திறந்தால் இருபது வைஃபை பெயர்களாவது வரும். சாயங்காலம் ஆனால் எங்கள் நெட் மட்டும் நொண்டும். ஒருநாள் ரௌட்டருக்குள் போய்ப் பார்த்தால் 11 கருவிகள் இணைந்திருக்கின்றன. எங்களிடம் இருப்பதோ ஐந்து. இணைப்புக் கொடுக்க வந்த தம்பி என் செல்போன் எண்ணையே பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போயிருந்தார். அதே எண்தான் வாசலில் ‘டியூஷன் எடுக்கப்படும்’ பலகையிலும் இருக்கிறது!

சரி, ஆரம்பிப்போம். ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி, யூசர்நேம், பாஸ்வேர்டு மூன்றும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1. வீட்டு வைஃபையில் இருந்தபடியே அதை பிரௌசரில் அடியுங்கள். ‘பாதுகாப்பற்றது’ என்று எச்சரிக்கை வந்தாலும் போகலாம். இந்தச் சலுகை அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும்தான்.

அடுத்ததில்தான் நான் வழுக்கி விழுந்தேன். பாஸ்வேர்டு இரண்டு உண்டு: வைஃபையில் சேர ஒன்று, ரௌட்டரின் செட்டிங்கைத் திறக்க இன்னொன்று. நான் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். லீவுக்கு வந்த அக்கா பையன் யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டுக்கும் ‘அட்மின், அட்மின்’ என்று அடித்து செட்டிங்குக்குள் போய், வைஃபைக்கு ‘கஞ்ச மாமா’ என்று பெயர் வைத்துவிட்டான். அவன் பெயரோடு விட்டான். வேறொருவர் அங்கே டிஎன்எஸ்ஸை, அதாவது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக்கித் தரும் அமைப்பை, மாற்றினால், நாம் பேங்க் முகவரியைச் சரியாக அடித்தாலும் போலிப் பக்கம் திறக்கலாம். பேங்க் பக்கத்தில் சான்றிதழ் எச்சரிக்கை (இது உண்மையான தளம்தானா என்று உறுதியாகவில்லை என பிரௌசர் சொல்வது) வந்தால் தாண்டவே தாண்டாதீர்கள்.

ஆகவே இரண்டையும் மாற்றுங்கள். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் தனித்தனியாக வைஃபை பாஸ்வேர்டு இருந்தால், இரண்டிலும். முறுக்கு, ஏணி, பீரோ, நண்டு என்று சம்பந்தமில்லாத சொற்களைக் கோத்தால் போதும். எழுதி வைக்கக்கூடாது என்பார்கள். நான் ரேஷன் கார்டு கவரில் எழுதி வைத்திருக்கிறேன். தெருவில் போகிறவர் அதைப் பார்க்கப் போவதில்லை.

அப்புறம் டபிள்யூபிஎஸ்ஸை (வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ ஓர் எண்ணாலோ கருவியைச் சேர்க்கும் வசதி) அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரௌட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படுவது. அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011-லேயே வெளியானது.

டியூஷன் பிள்ளைகளுக்கும் டிவிக்கும் ‘கெஸ்ட்’ வைஃபை, அதாவது விருந்தாளிகளுக்கென்று ரௌட்டரில் இருக்கும் தனி வைஃபை. நம் போனும் லேப்டாப்பும் தனியே இருக்கட்டும்.

வேகத்துக்கு முதல் வேலை, ரௌட்டரைப் பரணிலிருந்து இறக்குவது. கேபிள் இறங்கிய இடத்திலேயே, பித்தளை அண்டாவுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நடுக் கூடத்துக்கு மாற்றினேன். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் எங்கள் பழங்காலச் சுவரைத் தாண்டத் திணறும், அடுப்பங்கரைக்கு 2.4 தான். அதற்குள் இருக்கும் தடங்களான சேனல்களில் 1, 6, 11 ஆகியவைதான் ஒன்றோடொன்று மோதாதவை. அக்கம்பக்கத்தில் நெரிசல் குறைந்ததாகப் பார்த்து எடுங்கள். ‘வேகத்தைக் கூட்டும்’ ஆப் எதையும் போடாதீர்கள்.

பின்சேர்க்கை: டபிள்யூபிஏ3 (வைஃபையின் புதிய பாதுகாப்பு முறை; டபிள்யூபிஏ2 அதற்கு முந்தையது) மட்டும் வைத்ததில் பழைய டிவி இணையவில்லை என்று பெரம்பூர் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் சேர்ந்த தேர்வை வையுங்கள். இன்னொருவர் பாஸ்வேர்டு மறந்து, பின்புறத் துளையில் ஊசி விட்டு ரீசெட் செய்திருக்கிறார். இணைப்பின் யூசர்நேமும் சேர்ந்தே அழிந்து நெட்டே போய்விட்டது. அந்த நிலைமை வந்தால் லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும். அவர் கிளம்புமுன், பாஸ்வேர்டாக எதை வைத்தார் என்று கேளுங்கள்.